நோய் எதிர்ப்பில் இணைப்புப் புரதங்களின் பங்கு

நோய்க்கிருமி உடலில் நுழைந்ததும் வெள்ளையணுக்கள் அதனை எதிர்க்கின்றன என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால், கிருமியை உணரும் இடம் வேறு. எதிர்ப்புக்கான ஆணை பிறக்கும் இடம் வேறு. கிருமியை உணரும் ஏற்பிகள் உயிரணுவின் சவ்வுகளில் அமைந்துள்ளன. எதிர்ப்புப் பொருள்களுக்குரிய மரபணுக்களோ உட்கருவினுள் இருக்கின்றன. ஏற்பி பெற்ற செய்தியை உட்கருவை நோக்கி அனுப்பும் தொடரில் முதற்கண்ணியாக விளங்குபவை இணைப்புப் புரதங்கள் ஆகும்.

ஏற்பிகளுள் 'டோல்' வகை முக்கியமானது. பழ ஈயைப் பூஞ்சையிலிருந்து காப்பது டோல் என்னும் புரதமே என்று ழூல் ஹாஃப்மன் குழுவினர் 1996-இல் கண்டறிந்தனர். இத்துறை ஆய்வுக்காக அவர் 2011-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார். மனிதரிடம் இவ்வகை ஏற்பிகள் 10 உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை 'மைடி-88' என்னும் ஒரே இணைப்புப் புரதத்தையே நம்பியுள்ளன.

மைடி-88 ஒரு நொதி அன்று. அதற்கெனத் தனி வேதிவினை எதுவும் கிடையாது. அதன் ஒரு பகுதி ஏற்பியுடன் பொருந்துகிறது. மற்றொரு பகுதி 'ஐராக்-4' என்னும் நொதியைப் பற்றுகிறது. ஆறு மைடி-88, நான்கு ஐராக்-4, நான்கு ஐராக்-2 மூலக்கூறுகள் சுருள்போல் அடுக்கப்படுவதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வாறு நெருங்கிய நொதிகள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. தூண்டல் படிப்படியாகச் சென்று, கட்டுண்டிருந்த 'என்.எஃப். கப்பா-பி' புரதத்தை விடுவிக்கிறது. அது உட்கருவினுள் புகுந்து, அழற்சிக்கும் காய்ச்சலுக்கும் காரணமான பொருள்களை உற்பத்தி செய்யத் தூண்டுகிறது.

இப்புரதம் இல்லாவிடில் நேர்வது என்ன? பிறவியிலேயே இக்குறைபாடுடைய குழந்தைகள் பற்றி 2008-இல் அறிவிக்கப்பட்டது. பெரும்பாலான வைரஸ்களை அவர்கள் எதிர்க்கின்றனர். ஆனால் நிமோனியா, சீழ் ஆகியவற்றை உண்டாக்கும் சில பாக்டீரியாக்களுக்குப் பலியாக நேரிடுகிறது. காய்ச்சல் குறைவாகவோ தாமதமாகவோ தோன்றுவதால் மருத்துவரும் ஏமாறக்கூடும். நோயை உரிய காலத்தில் கண்டு, தடுப்பூசியும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அளித்துக் காத்தால், வளரிளம் பருவத்துக்குப்பின் ஆபத்து பெரிதும் குறைகிறது.

மாறாக, மைடி-88 ஓயாது இயங்கினாலும் தீமையே. 'வால்டன்ஸ்ட்ராம்' என்னும் இரத்தப் புற்றுநோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இம்மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருப்பது 2012-இல் தெரியவந்தது.

இவ்வழியை நன்மைக்கும் பயன்படுத்தலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பாரத் பயோடெக் நிறுவனமும் உருவாக்கி, 2021 ஜனவரியில் அவசரகால அனுமதி பெற்ற கோவாக்சின் தடுப்பூசியில், செயலிழந்த வைரஸுடன் ஒரு துணைப்பொருளும் சேர்க்கப்பட்டது. அது டோல்-7, டோல்-8 ஏற்பிகளைத் தூண்டுவதாகும். இவ்விரு ஏற்பிகளும் மைடி-88 வழியாகவே செய்தி அனுப்புகின்றன. செயலிழந்த வைரஸ் தானாக எழுப்பும் எதிர்ப்பைவிட வலுவான எதிர்ப்பை உண்டாக்குவதே இச்சேர்க்கையின் நோக்கம். ஆகவே, தடுப்பூசித் தயாரிப்பு, குழந்தை நலம், புற்றுநோய் மருத்துவம் ஆகிய மூன்று துறையினரும் இச்சிறு புரதத்தின் பணியை அறிந்திருத்தல் அவசியமாகும்.