முருங்கையிலையும் வார்பரின் குளிசையும்

மந்திகையில் இருக்கும் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் ஓர் அம்மாவுக்கு வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இதயத் துடிப்பு ஒழுங்கில்லை. இதயத்துக்குள் குருதி கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரும். அதைத் தடுக்க வைத்தியர் வார்பரின் எழுதியிருக்கிறார்.

“அம்மா, இது ரத்தத்தை ஐதாக்கிற குளிசை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்குப் போடுங்கோ. விளங்கிச்சுதே?”

“ஓம் மிஸ்ஸி.”

இந்த ‘ஓம்’தான் எனக்குப் பயம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே அம்மா கணக்குப் பார்த்துவிடுவார்: ரத்தம் ஐதாகினால் பலம் குறையும், பலத்துக்கு முருங்கையிலை நல்லது. வளவில் மரம் நிற்கிறது. இனி நாள்தோறும் வறைதான்.

உண்மையில் வார்பரின் குருதியை ஐதாக்குவதே இல்லை. குருதியை உறையவைக்கும் புரதங்கள் சில ஈரலில் உருவாகின்றன. அவற்றுள் நான்குக்கு விற்றமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட விற்றமினை உடல் புதுப்பித்துத் திரும்பவும் எடுத்துக்கொள்ளும். அந்தப் புதுப்பித்தலை மறிப்பதே வார்பரினின் வேலை. ஏற்கெனவே குருதியில் ஓடும் புரதங்கள் தீரவேண்டும் என்பதால் மருந்து முழுதாகப் பிடிக்கச் சில நாட்கள் செல்லும். கடும் பச்சைக் கீரைகளில் விற்றமின் கே நிறைய உண்டு. கீரை திடீரெனக் கூடினால் மருந்தின் வேகம் குறையும். யாரோ ‘கீரை கூடாது’ என்று சொல்லி அடியோடு நிறுத்தினால், அதே அளவுக் குளிசை குருதிப் பெருக்கில் கொண்டுபோய் விடலாம். குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் சுகதேகிக்கு 1 அளவில் இருக்கும் எண் இந்த அம்மாவுக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். ஒடுங்கிய வரம்பு அது.

இந்த மருந்து பிறந்ததே தீவனத்தில் நேர்ந்த கேட்டால்தான். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனப் பயிரைத் தின்ற மாடுகள் இரத்தம் ஓடியோடிச் செத்தன. 1933இல் விஸ்கொன்சினில் ஒரு விவசாயி, உறையாத இரத்தத்தைப் பால் கேனில் நிரப்பிக்கொண்டு, கொட்டும் பனியில் கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் ஆய்வுகூடத்துக்குப் போனார். அங்கிருந்து தொடங்கிய ஆய்வில் வந்த வார்பரின், 1948இல் எலிநஞ்சாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தானது.

அம்மாவின் அந்த ‘ஓம்’முக்குத் திரும்புவோம். வடமராட்சியிலிருந்து கனடா போன எங்கள் பிள்ளைகள் அங்கே தாதியாகப் பதிவு பெற என்கிளெக்ஸ் பரீட்சை எழுதவேண்டும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015இல் அதற்கு மாறின. அதில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி வகை எனக்கு மிகவும் பிடிக்கும். வார்பரின் எடுக்கும் நோயாளி என்றால், அவரின் நான்கு கூற்றுகளைத் தந்து, எது அவருக்கு இன்னும் விளக்கம் தேவை என்று காட்டுகிறது எனக் கேட்பார்கள். ‘முரசில் இரத்தம் கசிந்தால் வந்து சொல்லுவேன்’ சரி. ‘குளிசை தவறினால் அடுத்த நாள் இரண்டாகப் போடுவேன்’ பிழை. ‘தலையிடிக்கு டிஸ்பிரின் போடுவேன்’ அதைவிடப் பிழை. அதிலுள்ள அஸ்பிரின் இன்னொரு வழியால் உறைதலைக் குலைக்கும், இரைப்பையையும் புண்ணாக்கும். இன்னொரு வகை, யாரை முதலில் பார்ப்பது என்பது. ஒருவர் நோவில் கத்துகிறார். இன்னொருவர் காலையில் வழுக்கி விழுந்து தலை அடிபட்டவர், சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் வார்பரின் எடுப்பவர். சிரிப்பவரிடம்தான் முதலில் ஓடவேண்டும். மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்தால் வெளியே தெரிய நேரமெடுக்கும்.

பரீட்சைத் தாளில் நோயாளியின் கூற்று அச்சில் கிடக்கிறது. வாட்டில் அதைத் தாதிதான் கேட்டு வாங்கவேண்டும், அதுவும் தமிழில். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மாணவருக்குத் தமிழிலேயே பாடம் நடத்தினார். மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அந்த மண்ணில் இன்று ஒரு குளிசையைச் சரியான சொல்லால் விளக்க முடியாதா? ‘ஐதாக்கிற’ என்பதை விட்டு ‘கட்டியாக விடாத குளிசை’ என்றாலே பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதிக்கு, ‘விளங்கிச்சுதே’ என்று கேட்பதை விடவேண்டும். சொன்னதை அவர் வாயாலேயே சொல்லவைக்கவேண்டும். இரண்டு நிமிடம் போதும். பத்துப்பேர் வரிசையில் நிற்கையில் அந்த இரண்டு நிமிடமும் பெரிசுதான், ஆனாலும் செலவழிக்கத்தான் வேண்டும்.

“அம்மா, நான் வடிவாச் சொன்னனானோ எண்டு பாக்கிறன். வீட்டை போய் மகளுக்கு இந்தக் குளிசையைப் பற்றி என்ன சொல்லுவியள்?”

“பின்னேரம் ஆறு மணிக்கு ஒண்டு. தலையிடிச்சா டிஸ்பிரின் இல்லை, உங்களைக் கேக்கிறது. மலம் கறுப்பாப் போனா உடனை வாறது.” கிளினிக் கொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி, “முருங்கையிலையை விடட்டோ பிள்ளை?”

“கிழமையிலை எத்தினை நாள் சாப்பிடுறனீங்கள்?”

“ரெண்டு நாள்.”

“அந்த ரெண்டு நாளையும் அப்பிடியே வையுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”