செட்டை மாற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

ஆம்பூரில் கார் எலக்ட்ரீஷியன் நான். ஷூ கம்பெனி வண்டிகள்தான் அதிகம் வரும். "அண்ணே, மேப் தப்பா காட்டுது, செட்டையே மாத்திடுங்க" என்பார் டிரைவர். நான் முதலில் திறப்பது அந்த நேவிகேஷன் செட்டுக்குள்ளேயே இருக்கும் சோதனைத் திரையை. செட்டிங்ஸில் இருக்கும், சிலவற்றில் இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

எத்தனை செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைக்கிறது என்று அந்தத் திரையில் தெரியும். இடத்தையும் உயரத்தையும் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தேவை. பாலாற்றங்கரை மாதிரி திறந்த வெளியில் நிறுத்தியும் ஒன்றிரண்டே தெரிந்தால், ஆன்டெனா ஒயர் கழன்றிருக்கலாம். கண்ணாடியில் ஒட்டிய உலோகம் கலந்த ஃபிலிமும் சிக்னலைத் தடுக்கும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போது பக்கத்து சர்வீஸ் ரோட்டில் வண்டியைக் காட்டுவது கோளாறே அல்ல. சில மீட்டர் பிசகு ஜிபிஎஸ்ஸுக்கு இயல்பு.

கம்பெனியிலேயே பொருத்தி வரும் பல செட்களின் சோதனைத் திரையில் இன்னொரு பக்கமும் உண்டு. என் அனுபவத்தில் அதுதான் அதிகம் உதவும். வண்டியின் வேகத் துடிப்பு, திருப்பத்தை உணரும் கைரோ, ரிவர்ஸ் கியர் மூன்றும் அதில் தெரியும். சிக்னல் அறுந்தால் செட் இவற்றை வைத்துத்தான் இடத்தைக் கணக்கிடும். வண்டி நகர்ந்தும் துடிப்பு எண் ஏறாவிட்டால், முதலில் அந்தத் துடிப்பைக் கொண்டுவரும் ஒயரைத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டுபவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்கட்டும். புரியாத எதையும் மாற்றாதீர்கள். போட்டோ எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.