இந்திய அணிக்காகக் குடியுரிமை துறந்த வீரர்

பெங்களூரு: ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1993-இல் பிறந்த ரயன் வில்லியம்ஸ், நடுக்களத்திலும் பக்கவாட்டிலும் ஆடுபவர், இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத், ஃபுல்ஹாம், பார்ன்ஸ்லி, ராதர்ஹாம், ஆக்ஸ்ஃபோர்டு என ஊர் ஊராக ஆடியவர். 2019-இல் ஆஸ்திரேலிய அணிக்காகவும் ஒரு நட்பு ஆட்டத்தில் களமிறங்கினார். பெர்த் குளோரி வழியாக 2023-இல் பெங்களூரு எஃப்.சி.க்கு வந்த அவர், 2025 நவம்பரில் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றார்.

தாயார் மும்பையில் பிறந்தவர். மக்களவையில் தனக்கிருந்த நியமன இடங்களை 2020-இல் இழந்த ஆங்கிலோ-இந்திய சமூகத்தைச் சேர்ந்தவர். தாய்வழிப் பாட்டனார் 1950-களில் பம்பாய் அணிக்காக சந்தோஷ் கோப்பையில் ஆடியிருக்கிறார். இந்த உறவு போதாதா என்றால், சட்டத்தின் கண்ணில் போதாது. 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாடுவாழ் இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டை பெயரளவில்தான் குடியுரிமை. அதில் வாக்குரிமையும் இல்லை, மத்திய அரசின் 2008-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி தேசிய அணியில் இடமும் இல்லை. ஜப்பானில் பிறந்த நடுக்கள வீரர் அராட்டா இசுமியும் 2012-இல் இதே வழியில்தான் வந்தார்.

வங்கதேசமோ இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இங்கிலாந்தில் வளர்ந்த நடுக்கள வீரர் ஹம்ஸா சௌத்ரி, 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராகவே அந்நாட்டு அணியில் அறிமுகமானார். நவம்பர் 18-இல் டாக்காவில் அவர் ஆடிய ஆட்டத்தில் வங்கதேசம் 1-0 என வென்றது. ஆஸ்திரேலியச் சங்கத்தின் தடையின்மைச் சான்று உரிய நேரத்தில் வந்து சேராததால், கையில் புதிய கடவுச்சீட்டு இருந்தும் அன்று வில்லியம்ஸால் களமிறங்க இயலவில்லை.