கண்ணில் வளரும் சதையை அலட்சியம் செய்யாதீர்!



வயல் வெயிலில் பாடுபடுகிறவர்கள் பலருக்குக் கண்ணில் சதை வளர்வதுண்டு. பெரும்பாலும் அது சாதாரணச் சதைதான். சிலருக்கு அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

எச்.ஐ.வி.க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எச்.ஐ.வி. கிருமி உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது. வெயிலால் கெட்ட செல்களை உடம்பால் அடக்க முடிவதில்லை. ஆகவே இக்கிருமி உள்ளவர்களுக்குக் கண்ணின் மேற்பரப்புப் புற்று பல மடங்கு அதிகம், இளவயதிலேயே வருகிறது. 1990-களில் ருவாண்டா, உகாண்டா நாட்டு ஆய்வுகள் இதைக் காட்டின. சதை வந்தவருக்கெல்லாம் எச்.ஐ.வி. என்று எண்ணக் கூடாது.

அடையாளம் என்ன?

பெரும்பாலும் ஒரே கண்ணில், கருவிழி ஓரத்தில், வெள்ளையாகவோ சிவப்பாகவோ வளரும் சதை.

என்ன செய்ய வேண்டும்?

1. தாய்ப்பால், பச்சிலைச் சாறு விட்டு நாளைக் கடத்தாதீர்கள். தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே வந்தால் ஆப்பரேஷன் அல்லது சொட்டு மருந்தால் குணப்படுத்தலாம். முற்றினால் கண்ணையே எடுக்க நேரலாம்.

2. புற்று என்று தெரிந்தால், கணவன் மனைவி இருவரும் நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இலவசம், ரகசியம் காக்கப்படும். கிருமி இருந்தால் கூட்டு மருந்தும் இலவசம். அதைத் தினமும் விடாமல் சாப்பிட வேண்டும்.

இந்தப் புற்று ஒட்டுவாரொட்டி அல்ல. யாரால் வந்தது என்று சண்டை வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். கண்ணும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும்.