ஆலை நின்றது, வரைபடம் வாழ்ந்தது
காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முந்தைய மாதம்தான், தன் ‘ஹியர்’ வரைபடச் செயலியைப் போட்டியாளரான சாம்சங்கின் கைப்பேசிகளுக்கு நோக்கியா வழங்கியிருந்தது.

இதை நான் முரணாகக் கருதவில்லை. கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டிடம் விற்ற நோக்கியா, வரைபடப் பிரிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒருமுறை எழுதிய மென்பொருளை, புதிய ஆலையின்றியே பிறர் கருவிகளிலும் பரப்பலாம். பயனர் பெருகப் பெருக அதன் மதிப்பும் உயரும். 2015இல் ஜெர்மானிய கார் நிறுவனங்கள் மூன்று சேர்ந்து அதை 280 கோடி யூரோவுக்கு வாங்கின.

ஆலைத் தொழிலாளர்களுக்கோ அத்தகைய மாற்றிடம் இல்லை. தறி நின்றால் கூலியும் நிற்கும் என்பதைக் காஞ்சி நெசவாளர் அறிவர். சலுகை அளித்து ஆலைகளை அழைக்கும் அரசு, மென்பொருள் உருவாக்கும் பணிகளையும் சேர்த்தே கோர வேண்டும்.