பசித்த தெள்ளுப்பூச்சியும் ஒரு பழைய சட்டமும்

‘2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மகாராஷ்டிர அரசு கையில் எடுத்த சட்டம் 1897-இல் பிளேக்குக்குப் போட்டதாமே, இரண்டுக்கும் என்ன உறவு?’ என்று புனே வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிளேக் கிருமியை 1894-லேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்தாயிற்று. அது வரும் வழிதான் தெரியாது. தெரியாத இடத்தைப் பழைய நம்பிக்கை நிரப்பியது: பிளேக் அழுக்கிலும் காற்றுப் புகாத வீட்டிலும் ஊறிக்கிடக்கிறது. எனவே அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தில், புனேயில் ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் சிப்பாய்கள் வீடு புகுந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சந்தேகப்பட்டவர்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பழியாக 1897 ஜூன் 22-இல் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். வரலாறு இவ்வளவு போதும், பூச்சிக்கு வருவோம்.

எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைப் பரப்புகிறது என்று 1898-இல் கராச்சியில் சிமோன் என்ற மருத்துவர் சொன்னார். எப்படி என்பதை 1914-இல் பேக்கட், மார்ட்டின் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூச்சியின் இரைப்பை வாசலில் முட்கள் நிறைந்த ஒரு வால்வு உண்டு. கிருமிகள் அதில் பிசினாகப் படிந்து அடைத்துவிடுகின்றன. டிகாக்‌ஷன் இறங்காத பில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பொடி நைஸாகி, சிக்கரியும் கூடிப்போனால் துளைகள் அடைபடும். மேலே ஊற்றும் வெந்நீர் பொடியோடு விளிம்பு தாண்டி வழியும். இந்தப் பில்டருக்குப் பசியும் உண்டு. ஒரு சொட்டும் இறங்காத வேதனையில் வீடு வீடாகப் போய் வெந்நீர் கேட்கிறது. கேட்ட இடமெல்லாம் பொடியைக் கொட்டிவிட்டு வருகிறது. பூச்சியும் அப்படித்தான். குடித்த ரத்தம் கிருமியோடு கடிவாய்க்கே திரும்புகிறது. பசி தீராமல் மறுபடி கடிக்கிறது. எலி செத்தால் மனிதரிடம் வருகிறது.

இதற்குச் சுவரில் அடித்த சுண்ணாம்பு என்ன செய்யும்? பிளேக் நெடுங்காலம் நிலைகொண்டிருந்த குமாவுன், கார்வால் மலைக் கிராமங்களில், எலி செத்து விழுந்தால் ஜனங்கள் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள். பூச்சியைப் பற்றி அறியாமலே பூச்சியிடமிருந்து தப்பினார்கள்.

நோய் ஆட்களின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 2020 மார்ச்சில் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சியடித்தார்கள். மூச்சில் பரவும் வைரஸை அது தடுக்காது. அடுத்த கொள்ளைநோயைக் கணினி முன்கூட்டியே பிடித்துவிடும் என்ற விளம்பரங்களையும் நான் நம்புவதில்லை. எந்த வழியில் பரவுகிறது என்று தெரியாமல் எச்சரிக்கை மட்டும் வந்தால், கை மறுபடி சுண்ணாம்பு வாளிக்குத்தான் போகும்.

1897-இல் அந்தச் சட்டத்துக்கு நான்கே பிரிவுகள். 2020-இல் திருத்தினார்கள், மருத்துவப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு சேர்ந்தது, நல்லது. கொள்ளைநோய் என்றால் என்ன என்ற வரையறையை அப்போதும் சேர்க்கவில்லை.