பல்லின் வேரும் நோயின் வேரும்

நோவு நீங்குதல் வேறு. நோய் நீங்குதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் கேட்டினைப் பழுதுற்ற பல் ஒன்று தெளிவாகக் காட்டும்.

பல்லின் புறத்தே மிளிரி என்னும் வன்மையான படையும், அதனுள்ளே பன்முதலும், நடுவே நரம்பும் குருதிக்குழாயும் பொருந்திய மச்சையும் உள்ளன. பல்லைப் புழு அரிக்கின்றது என்பது பண்டு பல நாட்டாரும் கொண்டிருந்த நம்பிக்கை. பிரெஞ்சு நாட்டுப் போஷார் 1728இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாப்பொருளையும் அமிலமாக்குகின்றன என்றும், அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது என்றும் 1890இல் மில்லர் விளக்கினார்.

குழி மச்சையை எட்டியதும் நோயாளியின் துன்பம் தொடங்குகின்றது. குளிர்நீர் பட்டாற் கூசும். இரவிற் படுத்தாற் குத்தும். மச்சை வன்சுவர்களுக்குள் அடைபட்டிருத்தலின், வீங்க இடமின்றி நரம்பு நெருக்குண்பதே இதற்குக் காரணம். கராம்புத் தைலம் சிறிது நேரம் விறைக்கச் செய்யும். சின்னாளில் நோவு தானே அடங்கும். சுகம் வந்ததென்று அவர் மகிழ்வார். உண்மையில் இறந்தது மச்சை, அகன்றது நோயன்று. கிருமிகள் வேர்நுனி வழியே தாடையெலும்பிற் புகுந்து சீழ்கட்டுகின்றன. காலஞ்சென்று கன்னம் வீங்கும்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பெரியகல்லாற்றிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கோ கல்முனைக்கோ, ஒருநாள் வேலையை விட்டுப் பஸ் ஏறவேண்டியவர் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளுதல் இயல்பே. ஆயினும் மாத்திரை குருதிவழிச் செல்வது; இறந்த மச்சையிற் குருதியோட்டம் இல்லை. ஆதலின் மருந்து கிருமியின் உறைவிடத்தை எட்டுவதில்லை. வீக்கம் வற்றும், பின்னர் மீண்டும் எழும்.

நோயின் வேரைக் களைய வழிகள் இரண்டு. பல்லைப் பிடுங்குதல் ஒன்று. வேர்க்குழாய்ச் சிகிச்சை மற்றொன்று. பின்னதில் வைத்தியர் விறைப்பூசி ஏற்றி, மச்சையை அகற்றி, வேர்க்குழாய்களை நுண்ணிய அரங்களால் துப்புரவாக்கிக் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாற் பொருளால் அடைப்பார். அவ்வூசிக்குரிய லிக்னொக்கேயின் மருந்தைச் சுவீடன் நாட்டு லொவ்கிறென் 1943இல் உருவாக்கினார். இலங்கையிற் பல்வைத்தியக் கல்வி தொடங்கியதும் அவ்வாண்டே. சீழ்கொண்ட இடம் அமிலத்தன்மையுடையது. அங்கு அம்மருந்து குறைவாகவே பலிக்கும். பிந்திச் செல்வோர் கூடுதலாக வருந்துதற்கு இதுவுமொரு காரணம். வீக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ, வாய் திறத்தலும் விழுங்கலும் மூச்சுவிடலும் அரிதானாலோ, அப்பொழுதே ஆசுபத்திரியை அடைதல் வேண்டும். கழுத்தினுட் பரவும் சீழ் உயிர்க்கே இறுதியாகலாம்.

ஆசிரியர்க்கு இதில் ஒரு கடமையுண்டு. ஆறு வயதளவில் முளைக்கும் முதற் கடைவாய்ப்பல், பாற்பல் எதுவும் விழாமலே அவற்றின் பின்னே தோன்றுவது. அதனையும் பாற்பல்லென எண்ணிப் பெற்றோர் பலர் கவனியாது விடுகின்றனர். அதனை இழந்தால் வேறொன்று முளையாது. நேற்றுக் கன்னத்திற் கைவைத்து வருந்திய பிள்ளை இன்று நோவில்லை என்று கூறின், அப்பிள்ளையையே முதலிற் பல்வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும்.